இடது கையில் இருந்த ஃபைல்

1. புடலங்காய்

பணி ஓய்வு பெற்ற நாற்பதாவது நாள் மறுபடியும் வேலைக்குப் போனேன். முதல் நாளே ஒருவருடைய காலைப் புடலங்காய் ஆக்கினேன்.

பயப்பட வேண்டாம். கால் கணினித் திரையில் இருந்தது. அதன் சொந்தக்காரர் அந்த நேரத்தில் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

போடிநாயக்கனூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஏலக்காய்க் குடோனில் பிரபா என்பவர் செயற்கைக் கால் பட்டறை நடத்துகிறார். ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பம். பயோமெடிக்கல் படித்து, வெளியூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓர் அரசு மருத்துவமனையின் செயற்கை உறுப்புப் பிரிவில் இருந்தேன். கடைசிக் காலத்தில் மேற்பார்வையாளர். அளவெடுப்பது முதல் ஒப்படைப்பது வரை இருபத்திரண்டு படிகள் கொண்ட செக்லிஸ்ட் எங்கள் பிரிவில் இருந்தது. அதை எழுதியவன் நான். யாராவது பதினொன்றாம் படியைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போனால் எனக்கு அறையின் மறுகோடியிலிருந்தே தெரிந்துவிடும்.

வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு மிச்சமிருக்கும் பகுதியை ஸ்டம்ப் என்போம். அது போய் உட்காரும் கிண்ணம் சாக்கெட். அதற்குக் கீழே குழாயும் பாதமும் வரும். குழாயும் பாதமும் கடையில் கிடைக்கும். சாக்கெட் கிடைக்காது. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு ஆகாது. ஸ்டம்ப்பின் வடிவத்தை அப்படியே அச்செடுத்தாலும் சாக்கெட் ஆகாது. எலும்பு துருத்தும் இடத்தில் வெளியே தள்ளி இடம் விட வேண்டும், எடை தாங்கும் இடத்தில் உள்ளே அழுத்த வேண்டும். நாங்கள் அதை மாவுக்கட்டு அச்சில் அரம் போட்டுச் செய்தோம். பிரபா ஸ்டம்ப்பை ஸ்கேன் செய்து, திரையில் வடிவத்தை மாற்றி, அதை ஒரு மெஷினுக்கு அனுப்பி அச்சைச் செதுக்க வைக்கிறார்.

வடிவத்தை மாற்றுவதற்கு அவரே ஒரு கருவி செய்திருந்தார். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. பட்டறையில் எல்லோரும் குச்சி என்றார்கள். இரண்டு குச்சிகள். ஒவ்வொன்றும் பல் துலக்கும் பிரஷ் நீளம், முனையில் நெல்லிக்காய் அளவு குமிழ், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பட்டன். திரைக்கு மேலே இருக்கும் கேமரா இரண்டு குமிழ்களையும் கவனித்துக்கொண்டே இருக்கும். இடது கைக் குச்சியால் திரையில் உள்ள காலில் ஓரிடத்தைத் தொட்டுப் பட்டனை அழுத்தினால் அந்த இடம் அசையாமல் நிற்கும். வலது கைக் குச்சியால் இன்னோர் இடத்தைப் பிடித்து இழுக்கலாம், தள்ளலாம், முறுக்கலாம். பிடித்த இடம் நிற்க, இழுத்த இடம் வர, நடுவில் இருப்பது பிசைந்த மாவு போல வளைந்து கொடுக்கும்.

எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு பிரபா தள்ளி நின்றார். நான் வலது கைக் குச்சியை மட்டும் எடுத்தேன்.

"சார், இடது கைக் குச்சி?"

"அது எதுக்கு? நான் வலது கைக்காரன்."

"பிடிச்சுக்கிறதுக்கு சார்."

"என் இடது கையில ஃபைல் இருக்கே."

இருந்தது. செக்லிஸ்ட் ஃபைல். முப்பத்து மூன்று ஆண்டுகளாக என் இடது கைக்கு அதுதான் உத்தியோகம். பணி ஓய்வு எனக்குத்தான் வந்தது, அந்தக் கைக்கு வரவில்லை.

வலது கையால் முழங்காலைப் பிடித்து மேலே இழுத்தேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கால் முழுவதும் கூடவே நீண்டு, திரையின் உச்சியைத் தொட்டது. டீ குடித்துவிட்டு உள்ளே வந்த சொந்தக்காரர் திரையைப் பார்த்தார்.

"இது யாரு காலு?" என்று கேட்டார்.

"உங்களோடதுதான் அண்ணே" என்றார் பிரபா. "சார் கொஞ்சம் வளத்துவிட்டுட்டாரு. ஒட்டடை அடிக்க இனிமே ஏணி வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "அன்டூ இருக்கு சார்" என்றார்.

அரசுப் பணியில் அன்டூ கிடையாது. திருத்த ஆணை உண்டு. அதற்கு ஆறு மாதம் ஆகும். இங்கே ஒரு பட்டனில் கால் பழையபடி வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கைதான் ஏற்பட்டது.

ஒரு வாரத்தில் ஒற்றைக் குச்சியாலேயே சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது, சரியில்லை என்றால் அன்டூ, மறுபடி இழுப்பது. நான் செய்த சாக்கெட்டுகள் பொருந்தவும் செய்தன. பிரபாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"புல்லட்டை வாங்கித் தள்ளிக்கிட்டே போறீங்க சார்" என்றார்.

"போய்ச் சேர்றேன்ல?" என்றேன்.

2. குடை வைக்கும் கால்

மலையில் மழை பிடித்திருந்தது. போடியில் மழை இல்லை, காற்று மட்டும். அப்படி ஒரு காலையில் ஜீப் ஒன்று வாசலில் நின்றது. ஓட்டி வந்த கணேசன் முதலில் இறங்கி, பின்சீட்டிலிருந்து தன் அக்காவை இறக்கினார். பேச்சியம்மாள், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பவர். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் நிழல் மரத்தின் கிளை விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கக்கத்தில் ஊன்றுகோல். கணேசன் தோளில் ஒரு சாக்கு.

சாக்கை அவிழ்த்தால் உள்ளே ஒரு செயற்கைக் கால். சாக்கெட்டுக்குள் ஒரு குடை செருகியிருந்தது.

"குடையை எடுக்க மறந்துட்டேன்" என்றார் பேச்சியம்மாள். "கதவுக்குப் பின்னால மாட்டி வச்சிருந்தேன். குடை வைக்க நல்லா இருக்கு சாரே."

காலைத் திருப்பிப் பார்த்தேன். வேலைப்பாடு நன்றாக இருந்தது. விளிம்புகள் வழவழப்பு, பட்டைகள் சீர். உள்பக்கம் எண் எழுதிய வில்லை ஒட்டியிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் 'சரிபார்த்தேன்' என்று ஒரு சுருக்கெழுத்துக் கையொப்பம். அந்தக் கையொப்பம் எனக்கு நன்றாகத் தெரியும். வங்கியில் இன்றும் அதைத்தான் போடுகிறேன்.

காலை மேசை மேல் வைத்தேன்.

"ஏம்மா, இதைப் போட்டு நடக்கலையா?"

"நடக்காமயா? ஆசுபத்திரி வராந்தாவுல ஜோரா நடந்தேன். எல்லாரும் கை தட்டுனாக."

"அப்புறம்?"

"அப்புறம் மலைக்கு வந்தேன். மலையில வராந்தா இல்லையே சாரே."

"திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருப்பீங்களே?"

"போட்டேன். ஒருத்தரு பேனாவை நீட்டி, 'வெரசாப் போடும்மா, அடுத்த ஆளு நிக்கிது'ன்னாரு. நாலு மணி பஸ்ஸை விட்டா மேல போறதுக்கு ஜீப்பு கெடையாது. போட்டுட்டு ஓடியாந்தேன். ஓடியாந்தேன்னா, இவன் தூக்கிட்டு ஓடியாந்தான்."

பேனாவை நீட்டியது நானாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவருக்கு என் முகம் நினைவில்லை. எனக்கும் அவர் முகம் நினைவில்லை. இருபத்திரண்டாம் படி: பயனாளி திருப்திக் கையொப்பம். டிக்.

இப்போது ஏன் வந்தார்கள் என்று கணேசன் சொன்னார். "அண்ணே, முத ரவுண்டு காய் எடுப்பு அஞ்சு வாரத்துல தொடங்கிரும். அதுக்கு முன்னால சூப்பர்வைசர் பேரு எழுதுவாரு. அக்கா சரிவுல உக்காந்து எந்திரிச்சுக் காட்டுனா பேரு எழுதுறேங்கிறாரு. பேரு இல்லேன்னா லயத்துல ரூம் இல்ல. ரெண்டு வருசம் பொறுத்துட்டாக. இனிமே அவுகளும் என்ன செய்வாக."

லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு. பேச்சியம்மாள் பிறந்ததே அந்த வரிசையில்தான்.

"காய் தரம் பிரிக்கிற மாதிரி உட்கார்ந்த இடத்து வேலை கிடைக்காதா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆளு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச சோலி காட்டுலதான் சாரே இருக்கு" என்றார். ஏலத்தோட்டத்தை அவர்கள் காடு என்றுதான் சொல்கிறார்கள்.

3. உட்கார வைத்தேன்

பேச்சியம்மாளை சிமென்டுத் தரையில் நிற்க வைத்து ஸ்கேன் எடுத்தேன். செக்லிஸ்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஒற்றைக் குச்சியால் வடிவம் திருத்தினேன். இருபத்தோரு டிக் போட்டேன். பத்தாம் நாள் பேச்சியம்மாள் புதுக்காலோடு பட்டறையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

"சார், மலையில போய்ப் பாத்துட்டு வாங்கிக்கலாம்" என்றார் பிரபா.

"செக்லிஸ்ட்டில் மலை இல்லை."

"அவங்க வீட்டுல இருக்கு சார்."

கணேசனின் ஜீப்பில் நான்கு பேரும் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு படிகளை மனத்துக்குள் ஒப்பித்தேன். எஸ்டேட்டுக்குள் போய் இறங்கியதும் பேச்சியம்மாள் ஒரு சரிவைக் காட்டினார். நான் சரிவு என்று நினைத்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக் கூரையை அப்படியே தரையில் வைத்து, மேலே ஈரமண்ணைக் கொட்டி, ஏலச்செடி நட்ட மாதிரி இருந்தது.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணில் படர்ந்து கிடக்கும். அதனால் எடுப்பவர் செடிக்கு முன்னால் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும், ஒரு தூர் முடிந்தால் பாதி எழுந்து பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த தூருக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டேன். "எண்ணுனா காய் எடுக்க முடியாதே" என்றார் பேச்சியம்மாள்.

உட்காரப் போனார். பாதியில் நின்றார். முழங்காலின் மடிப்புக்குப் பின்னால் வரும் சாக்கெட் விளிம்பு அவர் தொடையில் முட்டியது. அதை நாங்கள் பின் உதடு என்போம். சமதரையில் நடப்பவருக்கு அது உயரமாக இருந்தால் நல்லது. மடக்கி உட்காருபவருக்கு அது ஆப்பு.

இது எளிய திருத்தம்தான் என்று அறிவித்தேன். பட்டறைக்கு வந்து பின் உதட்டைக் கீழே இறக்கினேன். ஒற்றைக் குச்சி. சிறிய வட்டத்தைப் பிடித்து இழுத்தால் விளிம்பு மேடு பள்ளமாக வந்தது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று பிடிக்கும் வட்டத்தைப் பெரிதாக்கி இழுத்தேன். விளிம்பு வாழை இலை மாதிரி வழவழவென்று இறங்கியது. அந்த அழகில் எனக்குத் திருப்தி.

திரையில் தெரியாத ஒன்று நடந்திருந்தது. முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, சாக்கெட்டின் உள்பக்கம், உடல் எடையை வாங்குவதற்காக ஒரு திட்டு வைப்போம். பின்னால் நான் இழுத்த இழுப்பில், பிடித்துக்கொள்ள ஆளில்லாத அந்த முன்திட்டும் கொஞ்சம் கூடவே போய்விட்டது. சில மில்லிமீட்டர்தான். நான் அளந்து பார்க்கவில்லை. முன்பக்கத்தை நான் தொடவே இல்லையே, எதற்கு அளக்க வேண்டும்? வழிமுறை அறிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. புதிதாக வந்தவன் பயத்தில் எல்லாவற்றையும் அளந்திருப்பான்.

இரண்டாம் முறை சரிவில் பேச்சியம்மாள் தடங்கலில்லாமல் உட்கார்ந்தார். கணேசன் கைதட்டக்கூடக் கையைத் தூக்கிவிட்டார். எழும்போது எடை முன்பக்கம் வந்தது. அங்கே வாங்கத் திட்டு இல்லை. ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள் வழுக்கி இறங்க, பேச்சியம்மாள் சரிவில் உருண்டு, மூன்று தூர் தள்ளிப் போய்க் கிடந்தார்.

நாங்கள் ஓடினோம். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, சேலை முழுக்கச் சேறு. அவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"உக்கார வச்சுட்டீக சாரே. எந்திரிக்க வைக்கலையே."

ஜீப்பில் மலையிறங்கினோம். பேர் எழுத இரண்டு வாரம்தான் இருந்தது. மூன்றாவது வளைவில் நான் சொன்னேன்.

"உங்க பழைய கால்ல ஒரு கையெழுத்து இருக்கு. அது என்னோடது."

கணேசன் கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு தடவையும் நீங்கதானா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"ஆமா."

"குடை ஒரு நாளும் நனையல சாரே" என்றார். ஜீப் இன்னொரு வளைவில் திரும்பியது. "மூணாவதுக்கு நானும் கூட உக்காந்து பாக்குறேன். நீங்க ரெண்டு தடவை தனியாப் பாத்தது போதும்."

4. சரம்

மறுநாள் காலை முதல் ஜீப்பிலேயே பேச்சியம்மாள் வந்துவிட்டார். திரைக்கு முன்னால் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிரபா அன்று ஒரு வேலை செய்திருந்தார். மணல் மூட்டைகளைச் சாய்வாக அடுக்கி, பேச்சியம்மாளை அதன் மேல் செடிக்கு முன்னால் உட்காருவது போலவே உட்கார வைத்து இன்னொரு ஸ்கேன் எடுத்தார். செக்லிஸ்ட்டில் இல்லாத ஸ்கேன். நின்ற கால் திரையில் சாம்பல் நிறம், உட்கார்ந்த கால் மஞ்சள். எங்கே சதை பிதுங்குகிறது, எங்கே எலும்பு முன்னால் வருகிறது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் உட்கார்ந்த காலை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வலது கைக் குச்சியை எடுத்து வேலையைத் தொடங்கினேன். பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, அந்தக் கை என்ன பண்ணுது?"

"ஃபைல் வச்சிருக்கேன்."

"அதுல என்ன இருக்கு?"

"செய்ய வேண்டியது எல்லாம் இருக்கு."

"எல்லாந்தான் இருக்குல்ல. அப்ப அதைக் கீழ வச்சாலும் அதுலயேதான் இருக்கும்."

பிரபா திரும்பி நின்று எதையோ தேடுவது போல நடித்தார்.

"காய் எடுக்கிறதை நீங்க பாக்கலையே" என்று பேச்சியம்மாள் தொடர்ந்தார். இடது கையைத் தரைப்பக்கம் நீட்டி, எதையோ மெல்லத் தூக்குவது போல் காட்டினார். "சரத்தை இந்தக் கை தூர்ப்பக்கம் பிடிச்சுக்கிரும். அந்தக் கைதான் காயை எடுக்கும். முத்துனதை மட்டும், ஒண்ணொண்ணா. பிடிக்காம ஒத்தக் கையில இழுத்தா காயி வரும், கூடவே பூவும் பிஞ்சும் சரமும் வந்துரும். அன்னைக்குக் கூடை நெறையும். அடுத்த ரவுண்டுக்கு அந்தச் செடியில ஒண்ணும் இருக்காது. புதுசா வர்ற ஆளுக இப்படித்தான் இழுப்பாக. சூப்பர்வைசர் வையிறது இழுக்கிற கையை இல்ல, சும்மா இருக்கிற கையை."

நான் திரையைப் பார்த்தேன். பின் உதடு காய். முன்திட்டு சரம். சில நாட்களுக்கு முன்னால் நான் செய்ததை இதைவிடச் சுருக்கமாக எந்த விசாரணை அறிக்கையும் சொல்லியிருக்காது.

ஃபைலைத் தரையில் வைத்தேன். இடது கைக் குச்சியை எடுத்தேன். அறுபது வயதுக் கை, ஃபைல் பிடித்தே பழகியது. குமிழ் ஓரிடத்தில் நிற்கவில்லை. முன்திட்டைப் பிடிக்கப் போய் முழங்கால் சில்லைப் பிடித்தேன். இரண்டு முறை அன்டூ.

"இங்க கொண்டாங்க" என்று பேச்சியம்மாள் அந்தக் குச்சியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வலது கையால் தன் முழங்காலுக்குக் கீழே தடவி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். "எந்திரிக்கும்போது இந்த எடத்துலதான் எல்லாத்தையும் தூக்குவேன்." இடது கையால் குமிழைத் திரையில் அதே இடத்துக்குக் கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினார். சரம் பிடித்த கை. அசையவே இல்லை. "இப்ப எடுங்க சாரே."

நான் பிரபாவைப் பார்த்தேன். "இது வேலை செய்யுமா? ரெண்டு ஆள்?"

"ரெண்டு கையும் ஒரே ஆளோடதா இருக்கணும்னு நான் எங்கயும் எழுதல சார்" என்றார் பிரபா. "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேக்கலை."

வலது கையால் பின் உதட்டைப் பிடித்து இறக்கினேன். அது இறங்கியது. முன்பக்கம் நின்றது. மஞ்சள் காலுக்கு ஏற்றபடி விளிம்பு வந்ததும் பேச்சியம்மாள் "மதி" என்றார். மலையில் போதும் என்பதற்கு அதுதான் சொல். நான் இன்னும் கொஞ்சம் இறக்கப் போனேன். "மதின்னேன்ல" என்றார். நிறுத்தினேன்.

இப்படி மதியம் வரை போனது. எல்லாம் அவர் சொன்னபடி நடக்கவில்லை. வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சரிவில் சாயும்போது பிடிமானம் வேண்டும் என்று அங்கே அழுத்தச் சொன்னார். நான் மறுத்தேன்.

"அங்க எலும்பைச் சுத்தி நரம்பு போகுதும்மா. அழுத்துனா முதல்ல நல்லா இருக்கும். ஒரு மணி நேரத்துல கரண்ட் அடிச்ச மாதிரி ஆகும். அதுக்குக் கீழ நாலு விரக்கடை தள்ளி சதை இருக்கு, அங்க அழுத்துறேன். அதே பிடிமானம் கிடைக்கும்."

"கரண்ட் வேண்டாம்" என்று உடனே ஒப்புக்கொண்டார். "அங்கேயே அழுத்துங்க. நான் மேல பிடிச்சுக்கிறேன்."

கருவி எங்கே போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். கால் எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முடிந்ததும் இந்த முறை நான் எல்லாவற்றையும் அளந்தேன், தொடாததை முதலில். முன்திட்டில் மாற்றம்: ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைத் தாளில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

5. பேர் எழுதும் நாள்

பேர் எழுதும் நாள் தூறல் இருந்தது. சூப்பர்வைசர் தங்கராசு குடை பிடித்து, நோட்டுப் புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தார். கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தால் என்னைவிடச் சங்கடத்தில் இருந்தவர் அவர்தான். பேச்சியம்மாளால் முடியாமல் போனால் லயத்து ரூமைக் காலி செய்யச் சொல்ல வேண்டியவர் அவரல்லவா.

"பாத்து ஆத்தா" என்றார். "அவசரம் இல்ல."

முதல் காய்கள் அங்கங்கே முற்றியிருந்தன. பேச்சியம்மாள் மூன்றாவதாகச் செய்த சாக்கெட்டோடு சரிவில் ஏறி ஒரு தூருக்கு முன்னால் உட்கார்ந்தார். இடது கை சரத்தைத் தூக்கியது. வலது கை காயை எடுத்தது. இடுப்பில் கட்டியிருந்த பைக்குள் காய் விழுந்தது. பாதி எழுந்து, பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்த தூர். மறுபடி உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை. சாக்கெட்டின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் பிரபா நகம் கடித்துக்கொண்டிருந்தார். கணேசன் ஜீப்புக்குள் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தூரில் முழுதாக எழுந்து நின்றார். வழுக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தார்.

தங்கராசு நோட்டைப் பிரிக்காமல் செடிகளுக்குள் நுழைந்தார். குனிந்து இரண்டாம் தூரின் சரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இங்க முத்துன காய் ரெண்டு விட்டுட்டே."

"ரெண்டு வருசம் கழிச்சு எடுக்கிறேன். ரெண்டு காய் விடக் கூடாதாக்கும்?"

"விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பாலிதீன் பையைப் பிரித்துப் பேச்சியம்மாள் பேரை எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அவர் முகம் தளர்ந்தது. ஜீப்பிலிருந்து கணேசன், "என்னாச்சு?" என்று கேட்டார், இன்னும் திரும்பாமல்.

"வையிறாரு" என்றார் பேச்சியம்மாள். "வேலை கெடச்சிருச்சு."

நான் ஃபைலைத் திறந்து இருபத்திரண்டாம் படியைக் காட்டிப் பேனாவை நீட்டினேன். பழக்கம்.

பேச்சியம்மாள் பேனாவைப் பார்த்தார். பிறகு என்னை. எதையோ நினைவுபடுத்திக்கொண்டது போல் இருந்தது.

"தாளை மட்டும் குடுங்க சாரே" என்றார். "ஒரு ரவுண்டு முடியட்டும். அப்புறம் எழுதி அனுப்புறேன். இப்பப் பஸ்ஸுக்கு நேரமாகல."

6. குறை

என் பணிக்காலத்தில் முடிக்கப்படாத ஃபைல் என்று ஒன்று கிடையாது. இது ஒன்றரை மாதம் மேசையில் திறந்தே கிடந்தது. கடந்து போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. பிரபா இரண்டு முறை அதை அலமாரியில் வைத்தார். நான் இரண்டு முறை எடுத்து வெளியே வைத்தேன்.

அதற்கிடையில் இடது கைக்குப் பயிற்சி கொடுத்தேன். காலையில் அரை மணி நேரம் திரையில் ஒரு சாதாரண உருண்டை. இடது கை பிடிக்க, வலது கை இழுக்க, உருண்டையைக் கத்தரிக்காய் ஆக்குவது, கத்தரிக்காயைக் கிண்ணம் ஆக்குவது, கிண்ணத்தை மறுபடி உருண்டை ஆக்குவது. புடலங்காய் இப்போது வேண்டும் என்றால்தான் வரும். கால் வாங்க வருபவர்களில் உடனிருந்து பிடிக்க முடிந்தவர்களுக்கு அந்த இடது கைக் குச்சியைக் கொடுத்துவிடுகிறோம். சிலர் கூச்சப்படுவார்கள். "ஒங்க காலுதானே" என்றால் வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு நாள் மதியம் கணேசன் லோடு இறக்க வந்தவர் அப்படியே பட்டறைக்கும் வந்து தாளைக் கொடுத்தார். நான்காக மடித்திருந்தது. மடிப்பில் பச்சைக் கறை. பிரித்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. 'பயனாளி திருப்தி' என்ற கட்டத்தில் கையொப்பம் இல்லை. அதற்கு மாறாகக் கட்டம் கொள்ளாமல், பின்பக்கம் வரை, பென்சிலில் எழுதியிருந்தது. மழையில் பாதம் வழுக்குகிறது, அடியில் ரப்பர் வேண்டும். முழங்காலுக்கு உள்பக்கம் பட்டை உரசுகிறது. காலுக்குள் வியர்வை சேர்கிறது, ஏதாவது செய்ய வேண்டும். இன்னொரு கால் இருந்தால் ஒன்று காயும்போது ஒன்று போடலாம். பக்கத்து லயத்தில் ஒருவர் இருக்கிறார், அவரையும் அடுத்த வாரம் கூட்டி வருகிறேன், சரிவில் உட்கார்த்திப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகளில் என் ஃபைல்களில் இப்படி ஒரு குறைகூட வந்ததில்லை. அத்தனை பேரும் திருப்தி. அதை நான் என் திறமை என்று எண்ணியிருந்தேன். குடை வைக்கும் காலைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது இந்தத் தாள் வந்த பிறகுதான் புரிந்தது. தினமும் சேற்றில் இறங்கும் கால்தான் வழுக்கும், உரசும், வியர்க்கும். இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நீங்கள் செய்து கொடுத்ததைப் பற்றிப் புகார் வந்தால், அது பயன்பாட்டில் இருக்கிறது. கொஞ்சம் சந்தோஷப்பட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வழிமுறைகள் வேண்டும். நான் எழுதியவை தப்பானவையும் அல்ல. அவற்றை மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன சார், கையெழுத்து இருக்கா?" என்று கேட்டார் பிரபா. "ஃபைலை முடிச்சிரலாமா?"

"வேண்டாம்" என்றேன். "திறந்தே இருக்கட்டும். பேச்சியம்மாள் ஸ்கேனைப் போடுங்க."

இரண்டு குச்சிகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.